மாணவர் குறும்படங்களில் கேமரா நிற்கும் தூரம்: எடுத்த ஷாட்டை எப்படித் திரும்பப் பார்ப்பது?

செம்பனைநிழல் (இழையைத் தொடங்கியவர்)

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில், அதாவது நம் பெரியவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் ஊரில், வார இறுதிகளில் இடைநிலைப்பள்ளி, கல்லூரி மாணவர்களுக்காக ஒரு குறும்படப் பட்டறை நடத்தி வருகிறேன். சுற்றிலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைத் தோட்டங்கள். மாணவர்களில் பெரும்பாலோரின் தாத்தா பாட்டி பால்மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர்கள். எனவே எடுக்கும் படங்களும் தோட்டத்தைச் சுற்றியே அமைகின்றன. அதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

படப்பிடிப்பு முடிந்ததும் ஒவ்வொருவரும் தாம் எடுத்த ஷாட்டுகளைப் பற்றி ஒரு பக்கம் சிந்தனை மீட்சி எழுதித் தர வேண்டும் என்று வைத்திருக்கிறோம். வந்து சேரும் பக்கங்களில் ஒரே பல்லவிதான்: கை நடுங்கியது, அடுத்த முறை கிம்பல் (ஆட்டத்தைத் தடுக்கும் பிடி) வேண்டும், வெளிச்சம் போதவில்லை, எல்இடி விளக்கு வாங்க வேண்டும், நிறம் மங்கியது, நல்ல கைப்பேசி இருந்தால் சரியாகிவிடும். இவற்றைப் படித்துவிட்டு ஷாட்டுகளைப் போட்டுப் பார்த்தால், பெரும்பாலான ஷாட்டுகள் கெட்டுப்போனதற்குக் காரணம் கருவி அன்று, மாணவர் நின்ற இடம் என்பது தெரிகிறது. அந்த இடத்தையும் அவர் தேர்ந்தெடுத்திருப்பதில்லை. கூச்சமோ, கதவு இருந்த இடமோ அவருக்காக அதை முடிவு செய்திருக்கும்.

ஒரே ஓர் எடுத்துக்காட்டு. பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற ஒரு பாட்டியை அவருடைய லயத்து வீட்டிலேயே (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) பேட்டி எடுத்தார்கள். அவர் கூடத்தில் நாற்காலியில் அமர்ந்திருந்தார். மாணவரோ வாசற்படியைத் தாண்டாமல் நின்று, கைப்பேசித் திரையில் விரலை விரித்து முகத்தைப் பெரிதாக்கினார். லென்ஸ் எட்டும் அளவைத் தாண்டி விரித்தால் கைப்பேசி படத்தை வெட்டி இழுக்கிறதே தவிர நெருங்கிப் போவதில்லை. பாட்டியின் கன்னச் சுருக்கங்கள் எல்லாம் குழைந்து ஒன்றாகிவிட்டன. அவருக்குப் பின்னால் திறந்திருந்த சமையலறைக் கதவு வெள்ளையாக எரிந்தது. அந்த வழியாக யாராவது நடக்கும்போதெல்லாம் கேமரா தானாகவே வெளிச்சத்தைத் திருத்திக்கொள்ள, முகம் ஒருமுறை இருண்டது, ஒருமுறை வெளுத்தது. இத்தனைக்கும் அந்த மாணவரின் பக்கத்தில் எழுதியிருந்தது, ஜூம் வசதி கூடிய கேமரா தேவை என்பதுதான். உள்ளே இரண்டு எட்டு வைத்து, நாற்காலியைக் கதவுக்குப் பக்கவாட்டாகத் திருப்பிப் போடலாமா என்று பாட்டியிடம் கேட்டிருந்தால், கையில் இருந்த கைப்பேசியே போதுமானதாக இருந்திருக்கும்.

இதனால் இப்போது வேறு வழியைக் கையாள்கிறோம். பதிவு செய்யும் முன், இந்த ஷாட்டில் பார்ப்பவருக்கு என்ன தெரிய வேண்டும், கேமரா யாருடைய இடத்தில் நிற்கிறது என்று ஒரே ஒரு வரி எழுதி மடித்து வைத்துவிட வேண்டும். பிறகு, எடுத்ததை ஒலி இல்லாமல், இசை சேர்க்காமல் திரையில் போடுவோம். எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் தாங்கள் கண்டதை மட்டும் சொல்வார்கள். நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை என்ற பேச்சுக்கு இடமில்லை. அதன் பின்னர் மடித்த தாளைப் பிரித்து வாசிப்போம். "பாட்டி தனியாக இருக்கிறார் என்று தெரிய வேண்டும்" என்று எழுதியவரின் ஷாட்டைப் பார்த்தவர்கள், "யாரோ ஒருவர் கதவோரம் ஒளிந்து நின்று பார்க்கிறார்" என்று சொல்லியிருந்தால், அவர் எதைத் திருத்த வேண்டும் என்பதை நான் சொல்ல வேண்டியதே இல்லை. கடைசியாக, அந்த ஒரு ஷாட்டை மட்டும் வேறு தூரத்திலிருந்து மீண்டும் எடுக்கச் சொல்கிறோம்.

மாணவர்களுடன் வேலை செய்பவர்கள் தங்கள் அனுபவத்தை இங்கே எழுத வேண்டுகிறேன். இந்த முறையில் குறை இருந்தால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

ஒளிவெட்டு

வணக்கம் ஐயா. கோல சிலாங்கூர் வட்டாரத்தில் திருமணப் படப்பிடிப்பு செய்பவன் நான். தூரம் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் கருவியைப் பற்றிய பேச்சையே சாக்குப்போக்கு என்று ஒதுக்கிவிடுவது சரியன்று. கைப்பேசி தானாக என்னென்ன முடிவு எடுக்கிறது என்பதை அறியாத மாணவர், எது தம் தவறு, எது கருவியின் தவறு என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பார்?

நம் ஊர் வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியதிலிருந்து, சூரியன் நம் தலைக்கு மேல் உச்சிக்கு வருவது பகல் பன்னிரண்டு மணிக்கு அன்று, ஏறத்தாழ ஒன்றேகால் மணிக்கு. மதிய உணவை முடித்துக்கொண்டு "உச்சி வெயில் தாழ்ந்துவிட்டது" என்று இரண்டு மணிக்குக் கேமராவைத் தூக்கும் குழு, உண்மையில் உச்சி வெயிலில்தான் எடுக்கிறது. நாம் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் மார்ச் இறுதியை ஒட்டியும் செப்டம்பர் நடுப்பகுதியிலும் சூரியன் ஏறக்குறைய நேர் மேலே நிற்கும். கண்குழி, மூக்கின் அடி, தாடை எல்லாம் கறுத்துவிடும். அந்தியும் நமக்கு நீளமானதன்று. சூரியன் மறைந்தபின் படமெடுக்கத்தக்க வெளிச்சம் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் தங்கினால் அதிகம். ஐரோப்பியக் காணொளிகளைப் பார்த்துவிட்டுப் பொன்மாலை வெளிச்சத்தை நம்பித் திட்டம் போடும் பிள்ளைகள், முக்காலியை விரித்து முடிப்பதற்குள் இருட்டிவிடுகிறது என்று திகைக்கிறார்கள்.

அடுத்தது பெரட்டு, அதாவது வேலைக்குப் போகுமுன் தோட்டத் தொழிலாளர்கள் ஒன்றுகூடுவது. விடியலுக்கு முன்பே ஆட்கள் கூடுவதால் அந்தக் காட்சியைக் குழல் விளக்கு வெளிச்சத்தில்தான் எடுக்க வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய குழல் விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. கைப்பேசி தன் போக்கில் நொடிக்கு 30 பிரேம் (படம்), 1/60 நொடி ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை வாங்கும் நேரம்) என்று வைத்துக்கொண்டால் திரையில் பட்டை பட்டையாக நிழல் ஓடும். 25 பிரேம், 1/50 ஷட்டர் என்று கையால் வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இராது. வெயிலில் இதற்கு எதிர்மாறான சிக்கல் வரும்: பெரும்பாலான கைப்பேசிகளில் லென்ஸின் திறப்பு மாறாதது என்பதால், வெளிச்சத்தைக் குறைக்க ஷட்டரை 1/1000, அதற்கும் மேல் என்று ஏற்றிவிடுகிறது, நடப்பவரின் கைகால் அசைவு வெட்டி வெட்டித் தெரிகிறது. கை நடுங்கிவிட்டது என்று மாணவர்கள் எழுதுவதில் பாதி இதுதான். லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் ஒரு என்டி ஃபில்டர் செய்யும் வேலையைக் கிம்பல் செய்யாது.

செம்பனைக்குள் போனால் மட்டைகள் வழியே இறங்கும் ஒளி பச்சையாகத் தோலில் படும். வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறத் திருத்தமான வைட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால், ஒரே மனிதர் இரண்டு ஷாட்டில் இரண்டு நிறமாக இருப்பார். நம் தோல் நிறத்துக்கு வெளிச்சத்தை அளப்பதும் ஒரு பழக்கம்: முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் பூட்டிவிட்டு, பிறகு வானம் தெரியாத பின்னணியைத் தேட வேண்டும். இயற்கை ஒளிக்குப் பெயர்பெற்ற பாலு மகேந்திரா பூனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவை முறையாகப் பயின்றவர் என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். விளக்கு வைக்காமல் எடுப்பதற்குத்தான் கூடுதலான கணக்கு தெரிய வேண்டும்.

இறுதியாண்டு மாணவி

வணக்கம். நான் ஊடகத்துறையில் இறுதியாண்டு பயில்கிறேன். என் குடும்பமும் தோட்டத்திலிருந்து வந்ததுதான். செம்பனைநிழல் ஐயா கூச்சம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்ட விஷயம் அவ்வளவு எளிதன்று. வயதில் மூத்த ஒருவரின் முகத்துக்கு முன்னால் கைப்பேசியை நீட்டுவதை நம் வீடுகளில் மரியாதைக் குறைவு என்றே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். வாசற்படியிலேயே நின்ற அந்த மாணவர் பயந்துகொண்டு நின்றார் என்று எப்படிச் சொல்ல முடியும்? உள்ளே அழைக்கும்வரை நிற்பதுதான் முறை என்று நினைத்திருக்கலாம் அல்லவா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பாடத்தில் ஷாட் வகைகளுக்கு மதிப்பெண் உண்டு. லோ ஆங்கிள், ஹை ஆங்கிள், ஓவர் த ஷோல்டர், டிராக்கிங் என்று ஒவ்வொன்றும் இருந்தால்தான் அந்தக் கட்டம் நிரம்பும். கதைக்குத் தேவையோ இல்லையோ, கேமராவைச் சாய்த்து எடுக்கும் ஒரு டச்சு ஆங்கிளாவது வைக்காமல் யாரும் படத்தை ஒப்படைப்பதில்லை. சிந்தனை மீட்சியும் அந்தக் கட்டத்தைப் பார்த்தே எழுதப்படுகிறது. மேலும், எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒரு வரியில் எழுதிவிட்டால், எதிர்பாராமல் நடப்பதை எப்படி எடுப்பது? என் படத்தில் எல்லாரும் பாராட்டிய ஷாட், பாட்டி பேசிக்கொண்டே தேநீர்க் குவளையைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்தது. அதை நான் திட்டமிடவில்லை.

செம்பனைநிழல்

தங்கை, நீங்கள் சொன்ன முதல் கருத்தை அப்படியே ஏற்கிறேன். மரியாதை என்ற சொல்லைத்தான் நான் முதலில் பயன்படுத்தியிருக்க வேண்டும். ஆனால் மரியாதைக்குத் தூரம் ஒன்றே வழியில்லை. முதல் நாள் கேமரா இல்லாமல் போய், கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு வாருங்கள். மறுநாள் பாட்டி நாற்காலியில் இருந்தால் நீங்கள் தாழ்ந்த பலகையிலோ தரையிலோ உட்காருங்கள். லென்ஸ் அவருடைய கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும். நின்றுகொண்டு குனிந்து எடுத்த ஷாட்டில் அந்த அம்மா விசாரணைக்கு உட்கார்த்தி வைக்கப்பட்டவராகத் தெரிவார். ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு தம் பிற்காலப் படங்களைப் பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றைக் கொண்டே, பாயில் அமர்ந்தவரின் கண்ணுக்கும் தாழ்வான உயரத்திலிருந்து எடுத்தார். வீட்டுக்குள் ஒருவருடன் அமர்ந்திருக்கும் உணர்வு அங்கே தொடங்குகிறது.

நெருங்குவது என்றால் முகத்தில் முட்டுவது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கைப்பேசியின் முதன்மை லென்ஸ் பொதுவாக 24 முதல் 28 மில்லிமீட்டருக்கு நிகரான அகலக் கோணம் கொண்டது; அதை முகத்துக்கு ஒரு முழம் தள்ளி வைத்தால் மூக்கு பெருத்து, காது பின்னுக்குப் போய்விடும். இரண்டு மடங்கு லென்ஸ் இருக்கும் கைப்பேசியில் அதைத் தேர்ந்து, ஒன்றரை மீட்டர் தூரத்தில் உட்கார்ந்தால் முகம் முகமாக இருக்கும். அந்த தூரத்தில் இயல்பாகப் பேசவும் முடியும்.

மதிப்பெண் கட்டத்தை நான் மாற்ற முடியாது. கேட்ட ஷாட்டுகளைக் கொடுத்துவிடுங்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் எழுதும் வரியில், ஏன் அந்தக் கோணம் என்பதற்குக் கதையிலிருந்து ஒரு காரணம் எழுத முடியாவிட்டால், அதைக் குறையாகவே வெளிப்படையாக எழுதுங்கள். சிந்தனை மீட்சிக்கு அதைவிட நேர்மையான பொருள் கிடைக்காது.

குவளையைத் துடைத்த ஷாட் பற்றி ஒரு கேள்வி. அந்த நேரத்தில் உங்கள் கேமரா முகத்தில் மட்டும் இருந்திருந்தால் அது கிடைத்திருக்குமா? கை தெரியும்படி மிட் ஷாட்டில் வைத்திருந்தீர்கள். பாட்டியின் கை சும்மா இராது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. எதிர்பாராதது நடக்கும் இடத்தை நீங்கள் முன்பே தேர்ந்துவிட்டீர்கள்.

ஓய்வுபெற்ற கிராணி

பிள்ளைகள் கேமராவுடன் தோட்டத்துக்குள் வருவது குறித்து, தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்த நானும் சில சொல்ல வேண்டியிருக்கிறது. நெருங்கு, நெருங்கு என்று பேசுவது வீட்டுக்குள் சரி. குலை அறுக்கும் இடத்தில் அது ஆபத்து. உயர்ந்த மரத்தில் நீண்ட கோலின் நுனியில் கட்டிய அரிவாளால் முதலில் அடிமட்டையை வெட்டி இறக்குவார்கள், பிறகு குலையின் காம்பை இழுத்து அறுப்பார்கள். மட்டையின் அடியில் முள் இருக்கும். குலை இருபது கிலோவுக்கும் மேல் கனக்கும். விழும் திசையை அறுப்பவரே உறுதியாகச் சொல்ல முடியாது. மரத்தின் உயரத்தைவிடக் கூடுதலான தூரத்தில், தலைக்கவசத்துடன் நில்லுங்கள். தொலைவைக் காட்டும் நல்ல லென்ஸ் வேண்டும் என்று கேட்கும் உரிமை மாணவர்களுக்கு உண்டென்றால், அது இந்த இடத்தில்தான். குலை தரையில் விழுந்து, அறுப்பவர் கோலைச் சாய்த்து வைத்தபின் அருகில் போய், சிதறிய உதிரிப் பழங்களைப் பொறுக்கும் கையை எவ்வளவு நெருக்கமாக வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது குலை அறுப்பவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களிடம் மலாயில் அனுமதி கேளுங்கள். தமிழ்ப் படம்தானே என்று அவர்களைப் பின்னணி உருவங்களாக ஓடவிட்டு எடுப்பதைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

இன்னொரு குறையை மாணவர் படங்களில் திரும்பத் திரும்பக் காண்கிறேன். ஓர் ஆள் தோட்டத்துக்குள் நடந்து போகிறார். எங்கே போகிறார், வருகிறாரா போகிறாரா என்றே விளங்குவதில்லை. செம்பனையை ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுவதால், ஹெக்டேருக்கு 140 மரம் அளவில் நிற்கும் அந்தக் காட்டில் ஆறு திசையிலும் வரிசை நேராகவே தெரியும். கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே சித்திரம்தான். ஆகவே மண்சாலையோ, வடிகாலோ, குலைகளை அடுக்கும் மேடையோ, கோவில் கோபுரமோ, ஏதாவது ஓர் அடையாளம் ஷாட்டின் ஓரத்திலாவது இருக்க வேண்டும். வேலை செய்தவர்களுக்கு ஒவ்வொரு மூலையும் தெரியும். பார்ப்பவர்களுக்கு நீங்கள்தான் வழி காட்ட வேண்டும்.

டிரோன் பற்றி ஒரு வார்த்தை: தோட்டம் நிறுவனத்தின் நிலம், அலுவலகத்தில் அனுமதி பெறாமல் பறக்க விடாதீர்கள், சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளும் இருக்கின்றன. அத்தனை பாடும் பட்டு எடுத்தாலும் மேலிருந்து தெரிவது பச்சை விரிப்பு மட்டுமே. அங்கே மனிதர் ஒருவரும் தெரிவதில்லை.

தொகுப்பறை

நான் படத்தொகுப்பு செய்பவன். மாணவர் படங்கள் அடிக்கடி என் மேசைக்கு வருகின்றன. ஒலியை அணைத்துப் பார்க்கும் முறையை வரவேற்கிறேன். ஆனால் ஒரு ஷாட்டைத் தனியாக எடுத்து வைத்து அது என்ன சொல்கிறது என்று கேட்பதில் எனக்கு ஐயம் உண்டு. ரஷ்யாவின் லெவ் குலெஷோவ் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஒரே முகத்தை வெவ்வேறு காட்சிகளுடன் மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டினார். முகம் மாறாதபோதும் பார்த்தவர்கள் வெவ்வேறு உணர்ச்சியை அதில் கண்டார்கள் என்பது திரைப்படக் கல்லூரிகளில் இன்றும் சொல்லப்படும் பாடம். பாட்டி தனியாக இருக்கிறார் என்பதை ஒரே ஷாட் சொல்ல வேண்டியதில்லை. கொடியில் ஒரே ஒருவரின் துணி காய்வதை அதற்கு முன் வைத்தால், அதே வாசற்படி ஷாட்கூட வேறு பொருள் தரக்கூடும்.

அந்த ஒரு ஷாட்டை மட்டும் மீண்டும் எடுப்பது என்பதிலும் சிக்கல் உண்டு. இரண்டு வாரம் கழித்து எடுத்த ஷாட்டில் வெளிச்சம் மாறியிருக்கும், புடவை மாறியிருக்கும், சுவரில் புதிய நாட்காட்டி தொங்கும். பயிற்சிக்கு அது நல்லது, படத்துக்குள் ஒட்டாது. மாணவர்களிடம் இந்த வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எனக்கு வரும் காட்சிகளில் நான் படும் பாடு மிக எளிய காரணங்களால் வருகிறது. பேச்சு தொடங்கும் கணத்தில்தான் பதிவு பொத்தானை அழுத்துகிறார்கள், கடைசிச் சொல் முடியுமுன் நிறுத்துகிறார்கள். வெட்டுவதற்கு இடமே இல்லை. முன்னும் பின்னும் ஐந்து நொடியாவது கேமராவை அசையாமல் பிடித்தால் போதும். இன்னொன்று, பேசும் இருவரையும் இணைப்பதாக நாம் வைத்துக்கொள்ளும் கற்பனைக் கோடு. லயத்து வாசலில் இரண்டு பெண்கள் எதிரெதிரே அமர்ந்து பேசுகிறார்கள். ஒருவரைச் சாலைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, மற்றவரை எடுக்க மாணவர் வீட்டுக்குள் போய்விடுகிறார். வெட்டி ஒட்டினால் இருவரும் ஒரே திசையைப் பார்க்கிறார்கள், மூன்றாவதாக யாருடனோ பேசுவது போல. கோட்டைத் தாண்டக் கூடாது என்ற 180 பாகை விதியை எல்லாரும் தேர்வில் எழுதுகிறார்கள். வாசற்படி குறுக்கே வந்ததும் மறந்துவிடுகிறார்கள். ஆகவே என் பரிந்துரை: ஷாட் எடுத்தவரே முதல் வெட்டையும் செய்ய வேண்டும். நண்பரிடம் கோப்பைக் கொடுத்துவிட்டுப் போகிறவருக்கு, தாம் எங்கே நின்றோம் என்பது ஒருநாளும் உறைக்காது.

ஒளிவெட்டு

தொகுப்பறை அண்ணன் சொன்னதை வழிமொழிகிறேன். திருமண வேலையில் மீண்டும் எடுப்பது என்ற பேச்சே கிடையாது. தாலி ஒருமுறைதான் ஏறும். அதனால் மணமேடைக்கு எந்தப் பக்கம் நிற்பது என்பதை முதல் நாளே போய்ப் பார்த்து முடிவு செய்கிறோம். மாணவர்களும் கேமரா இல்லாமல் ஒருமுறை இடத்தைச் சுற்றி வந்தால், மடித்த தாளில் எழுத வேண்டியது தானே வரும். இன்னும் ஒன்று, குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியவுடன் எடுக்காதீர்கள். நம் ஈரக்காற்றில் லென்ஸ் உடனே பனித்துவிடும். சற்று நேரம் காத்திருங்கள்.

இறுதியாண்டு மாணவி

எல்லாருக்கும் நன்றி. கிராணி ஐயா சொன்ன முக்கோண நடவைப் பற்றி எனக்குத் தெரியாது; என் படத்தில் அப்பா வேலைக்குப் போகும் காட்சி ஏன் குழப்பமாக இருந்தது என்பது இப்போது விளங்குகிறது. அடுத்த சனிக்கிழமை பாட்டியின் பேட்டியை முழுவதுமாக மீண்டும் எடுக்கலாம் என்று இருக்கிறேன். ஒரு ஷாட்டை மட்டும் மாற்றினால் ஒட்டாது என்று அண்ணன் சொன்னதால், காட்சியையே புதிதாக எடுக்கிறேன். வீட்டில் ஒரே சன்னல், அதுவும் சமையலறையில் கிழக்குப் பார்த்தது. கூடத்தில் குழல் விளக்கு இருக்கிறது. எதை நம்புவது?

செம்பனைநிழல்

குழல் விளக்கை அணைத்துவிடுங்கள் தங்கை. இரண்டு வெளிச்சமும் கலந்தால் முகத்தின் ஒரு பாதி நீலமாகவும் மறுபாதி பச்சையாகவும் போகும். பேட்டியைச் சமையலறைக்கே கொண்டுபோங்கள். பாட்டிக்கும் அது பழகிய இடம், கைக்கு வேலையும் இருக்கும். நம் ஊரில் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் உதிக்கிறது என்பதால் எட்டு, எட்டரைக்கெல்லாம் சன்னல் வழியே நேர்வெயில் விழும். வெள்ளைத் துணி ஒன்றைச் சன்னலில் கட்டினால் அது மென்மையாகிவிடும், அல்லது வெயில் மேலே ஏறும்வரை, பத்து மணி போல, காத்திருங்கள். சன்னல் பாட்டியின் பக்கவாட்டில் இருக்கட்டும். நீங்கள் சன்னலுக்கு முதுகைக் காட்டினால் முகம் தட்டையாகிவிடும், அவர் காட்டினால் கறுத்துவிடும். எடுத்த பின் ரஷ்ஸை (வெட்டாத காட்சிகளை) பட்டறைக்குக் கொண்டு வாருங்கள். கிராணி ஐயாவுக்கும் நேரம் இருந்தால் அன்று வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தாளை மட்டும் முன்கூட்டியே மடித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.